ஈறு நோய்க் கிருமிக்குப் பயந்து எல்லாப் பற்களையும் பிடுங்கிவிடலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வசிக்கும் 47 வயது சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எட்டு வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 9.1. இரண்டு வருடமாகப் பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கொய்யாக்காயைக் கடித்தால் கடித்த இடம் சிவந்திருக்கிறது, கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. தனியார் பல் மருத்துவர் ஒருவர் ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னார், செலவுக்குப் பயந்து போகவில்லை. அவருடைய அம்மா அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது 76 வயது, மூன்று வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறது. இந்த நிலையில், ஈறு நோய்க் கிருமியின் புரதங்கள் மூளைக்குள் போய் செல்களை அழிக்கின்றன என்று ஒரு வாட்சாப் காணொளி வந்திருக்கிறது. பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. இருக்கிற 24 பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டார். தம்பியோ அதெல்லாம் வேண்டாம் என்று, 'கிருமிப் புரதத்தைக் கொல்லும்' என்று நேரடி விற்பனையில் வரும் வாய் கொப்பளிக்கும் மருந்தையும் மாத்திரையையும் 420 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவர் ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் துலக்குகிறார், புரதம் என்றாலே பயம் வந்து முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். "அம்மா மென்று ஊட்டித்தான் எனக்கு இது வந்ததா? என் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பற்களையும் பிடுங்க வேண்டாம். ஆடுகிற ஒன்றிரண்டு போக வேண்டி வரலாம், அதைக்கூட ஈறு மருத்துவம் முடிந்து மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக "வெறும் ரத்தம்தானே" என்று விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. உங்களுக்கு இருப்பது முற்றிய ஈறு நோய் என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது, உடனே பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அது இன்னும் நிரூபணமாகவில்லை, நிரூபணமான ஆபத்து உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறது. அந்த 9.1 என்ற சர்க்கரை அளவு.

அந்தப் புரதங்கள் செய்யும் வேலை

காணொளியில் சொன்ன கிருமியின் பெயர் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். காற்றுப்படாத இடத்தில் வாழ்வது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஆழமாக ஆக, அதற்கு வசதி. பல் சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்னும், இது அப்படியில்லை. இதற்கு வேண்டியது புரதத் துண்டுகளும் ரத்தத்தில் இருக்கும் இரும்புச் சத்தும். இரண்டும் கிடைக்கும் இடம் வீங்கி, ரத்தம் கசிகிற ஈறுதான். நீங்கள் முட்டையையும் மீனையும் விட்டால் அது பட்டினி கிடக்கும் என்று நினைக்காதீர்கள், அது தின்பது உங்கள் தட்டில் இருப்பதை அல்ல, உங்கள் ஈறிலிருந்து ஊறும் நீரையும் சிதைந்த சதையையும்தான். புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். இன்றைக்கே பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள், சோற்றைக் குறைத்துப் பருப்பையும் மீனையும் கூட்டினால் சர்க்கரைக்கும் நல்லது.

இந்தக் கிருமி வெளியே விடும் முக்கியமான புரதங்களுக்கு ஜின்ஜிபெயின் என்று பெயர். மூன்று இருக்கின்றன. மற்ற புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கத்தரிக்கோல் போன்றவை, அவற்றில் இரண்டு, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்திலும் மூன்றாவது, லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்திலும் வெட்டும். ஈறின் உட்பக்கத்தை மூடியிருக்கும் செல்களை ஒன்றோடு ஒன்று பிடித்துவைத்திருக்கும் புரதங்களை இவை வெட்டுவதால் செல்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, அந்த வழியாகக் கிருமியும் அதன் கழிவும் உள்ளே போகின்றன. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜென்னையும் வெட்டுகின்றன. ஈறு நோய்க்காரர்களுக்கு லேசாகப் பட்டாலே ரத்தம் வருவதற்குப் புண்ணும் வீக்கமும் ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. ஹீமோகுளோபினை உடைத்து அதிலிருக்கும் இரும்பை எடுத்துக்கொள்கின்றன. ரத்தம் கலந்த தட்டில் இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் கறுப்பாக வளரும், அந்தக் கறுப்பு, கிருமி தன் மேல் சேர்த்துவைத்துக்கொண்ட இரும்புப் பொருள்தான்.

இதைவிட மோசமானது, நம் உடம்பின் தற்காப்பையே இது குழப்பிவிடுவது. கிருமியைக் கண்டதும் வேலை செய்யத் தொடங்கும் புரதங்கள் சில நம் ரத்தத்தில் உண்டு. அவற்றில் சி3 என்பதை ஜின்ஜிபெயின் சிதைத்துவிடுகிறது, சி5 என்பதை மட்டும் அளவாக வெட்டி, வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் துண்டை வெளியே விடுகிறது. அணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன, வீக்கமும் சூடும் வருகிறது, ஆனால் கிருமியைச் சரியாகக் கொல்ல முடிவதில்லை. அந்த அமளியில் சிதைவது நம் சதை. சிதைந்த சதை கிருமிக்குச் சாப்பாடு. 2011ல் வெளியான எலி ஆராய்ச்சி ஒன்றில், இந்தக் கிருமி கொஞ்சமாக இருந்தாலே வாயிலிருக்கும் மற்றக் கிருமிகளின் கூட்டமே மாறி எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாத எலிகளுக்கு இதை மட்டும் கொடுத்தபோது எலும்பு கரையவில்லை. அதாவது இது தனி ஆளாக வந்து பல்லைப் பிடுங்கும் கிருமி இல்லை, கூட்டத்தைக் கெடுத்து, நம் உடம்பையும் தூண்டிவிட்டுக் காரியம் சாதிக்கிறது. எலும்பைக்கூட அது நேராகத் தின்பதில்லை. வீக்கம் விடாமல் இருந்தால், எலும்பைக் கரைப்பதற்கென்றே நம் உடம்பில் இருக்கும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. உங்கள் கீழ்ப்பற்கள் ஆடுவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு வகைப் புரதமும் உண்டு, கிருமியின் மேல் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருப்பது. அதைக் கொண்டு ஈறின் செல்லைப் பிடித்துக்கொள்கிறது, செல் ஏமாந்து கிருமியைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன கிருமி அந்தச் செல் சீக்கிரம் சாகாதபடியும் பார்த்துக்கொள்கிறது. உங்கள் தம்பி வாங்கிக் கொடுத்த பாட்டிலைப் பற்றி யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள். கொப்பளிக்கும் தண்ணீர் ஈறின் மேலே ஓடும், ஐந்து ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் பிசின்போல ஒட்டியிருக்கும் கிருமிப் படிவத்துக்குள் போகாது, செல்லுக்குள் ஒளிந்திருப்பதைத் தொடவே தொடாது.

மூளை விஷயம்

காணொளி முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2019ல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஞாபக மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்ததில் பெரும்பாலானவற்றில் ஜின்ஜிபெயின் இருந்ததாகச் சொன்னார்கள், இந்தக் கிருமியை எலிகளின் வாயில் தடவியபோது அது மூளைவரை போனதையும் காட்டினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆராய்ச்சி அது. காணொளி இந்த இடத்தோடு நின்றுவிட்டிருக்கும்.

அதே ஆராய்ச்சியில், ஞாபக மறதி இல்லாமல் இறந்தவர்களின் மூளையிலும், குறைவாக என்றாலும், இந்தப் புரதம் தென்பட்டது. இருக்கிறது என்பது ஒன்று, அதுதான் நோயை உண்டாக்கியது என்பது வேறு. ஜின்ஜிபெயினைத் தடுக்கும் மாத்திரை ஒன்றைத் தயாரித்து, லேசானது முதல் நடுத்தரம் வரையான அல்சைமர் உள்ள 600க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தார்கள். 2021ல் முடிவு வந்தது, ஞாபகம் குறைவதை அந்த மாத்திரையால் நிறுத்த முடியவில்லை, சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டது. இத்தனை செலவில், இத்தனை கவனத்தோடு அந்தப் புரதத்தையே குறிவைத்துச் செய்த மருந்தின் கதி இது என்றால், 420 வெள்ளிப் பெட்டி மூளையைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. அம்மாவைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கும் மகளின் பயத்தை வைத்துச் செய்கிற வியாபாரம் இது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஈறு நோய் உள்ளவர்களிடம் ஞாபக மறதி கொஞ்சம் அதிகமாகத் தெரிவது உண்மைதான். ஆனால் ஞாபகம் தப்பத் தொடங்கியவர் பல் துலக்க மறப்பார், துலக்கிவிட வந்தால் வாயைத் திறக்க மாட்டார், அதனாலும் ஈறு கெடும். எது முன்னால் வந்தது என்று பிரித்துச் சொல்வது ஆராய்ச்சியாளர்களுக்கே சிரமமாக இருக்கிறது. உங்கள் அம்மாவின் நிலைக்கு அவருடைய வாய்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பற்களைப் பிடுங்கிக்கொண்டால் அந்த நோய் உங்களுக்கு வராது என்றும் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நிரூபணமான ஆபத்து

இனிப்பு நீரும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று கெடுப்பவை. சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது, ஈறுப் புண் ஆறாது. ஈறில் ஓயாத வீக்கம் இருந்தால் இன்சுலின் சரியாகப் பிடிக்காது, சர்க்கரை இறங்காது. இது ஊகமில்லை. ஈறு மருத்துவம் செய்தால் சர்க்கரை இறங்குகிறதா என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 2022ல் வந்தது. மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு இறங்கியிருக்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியலாம், ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனை நெருங்கி வரும் இறக்கம் அது. உங்கள் கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றுக்கும் அது நல்லது. கிளினிக்கில் தரும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஈறு மருத்துவம் அதற்கு மாற்று இல்லை.

இனி என்ன செய்யலாம்

எல்லாப் பல்லையும் பிடுங்குவதை எடுத்துக்கொள்வோம். பல் இல்லாமல் போனால் ஆழமான இடுக்குகள் மறையும், அந்தக் கிருமியும் வெகுவாகக் குறையும், இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும், கீழ்ப் பல் செட் நிற்காமல் ஆடும், கீரையும் கடலையும் இறைச்சியும் மெல்ல முடியாமல் மெதுவான சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று போவீர்கள், இனிப்பு நீர்க்காரர் போகவே கூடாத வழி அது. பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது. 47 வயதில் இந்த முடிவு வேண்டாம்.

கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். படிவத்தைச் சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் வீக்கம் சில நாள் அடங்கும், திரும்ப வரும்.

செய்ய வேண்டியது அந்தத் தனியார் மருத்துவர் சொன்னதுதான். ஆனால் அதை அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே, தனியாரில் ஆவதைவிட மிகக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். பதிவு செய்யும்போதே இனிப்பு நீர் இருக்கிறது, பல் ஆடுகிறது என்று சொல்லுங்கள், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் மெதுவாக இறக்கி, "மூன்று, ஐந்து, ஆறு" என்று மருத்துவர் எண்ணைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். மூன்று மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. நான்குக்கு மேலே போய் ரத்தமும் வந்தால் அங்கே வேலை இருக்கிறது. உங்கள் எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அது உங்கள் உடம்பைப் பற்றிய விவரம், கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையையும் படிவத்தையும் சுரண்டி எடுப்பார்கள், இரண்டு மூன்று தடவை வரச் சொல்லலாம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். எந்தப் பல்லை வைத்துக்கொள்ளலாம், எது போக வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான். இடுக்கு இன்னும் ஆழமாக இருந்தால் ஈறு நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அரசாங்கத்தில் அந்தப் பிரிவுக்குப் பெயர் 'பாக்கார் பெரியோடோண்டிக்'. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனாலும் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

முடிந்த பிறகு ஈறு சுருங்கி, பல் நீளமாகத் தெரியும், இடையில் சந்து விழும், குளிர்ந்த தண்ணீர் கூசும். பலர் இதைப் பார்த்துப் பயந்து "சுத்தம் செய்ததால்தான் பல் ஆடுகிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவே மாட்டார்கள். வீக்கம் வடிந்தால் அப்படித்தான் தெரியும். பயப்படாமல் போங்கள்.

வீட்டில் இன்றைக்கே மாற்ற வேண்டியது ஒன்று. ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறீர்கள் அல்லவா, அந்த இடத்தில்தான் அதிகமாகப் பிரஷ் பட வேண்டும். மெதுவான நார் உள்ள பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். சந்துகளுக்குப் புட்டி கழுவும் பிரஷின் குட்டி வடிவத்தில் பல் இடுக்குப் பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது, இரவில் ஒருமுறை விடுங்கள். முதல் சில நாள் ரத்தம் கூடுவதுபோல் இருக்கும், தொடர்ந்து செய்தால் குறையும். உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வேர் வெளியே தெரிகிற பல்லில் அது தேய்மானத்தைத்தான் கொடுக்கும், விட்டுவிடுங்கள். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை போதும்.

அந்த 420 வெள்ளி

நேரடி விற்பனைக்கென 1993ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, வாங்கிய 10 வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு. உங்கள் தம்பி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதையே 1956ஆம் வருட மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. விற்றவர் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அது முக்கியம், அவர் அனுப்பிய வாட்சாப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள், மாத்திரைப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நீங்களே மனுப் போடலாம், வழக்கறிஞர் வேண்டாம். பணம் கண்டிப்பாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். விற்றவர் உறவுக்காரரின் நண்பர் என்கிறீர்கள், குடும்பத்தில் மனக்கசப்பு வரும் என்றால் முதலில் நேரில் கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும் மீதி மாத்திரையைச் சாப்பிடாதீர்கள், இனிப்பு நீர் மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கிளினிக்கில் பெட்டியைக் காட்டிக் கேளுங்கள்.

அம்மாவும் பிள்ளைகளும்

இந்தக் கிருமி எச்சில் வழியாக வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகலாம். ஆனால் கிருமி வந்தவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. சர்க்கரை, புகை, துலக்கும் விதம், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. சின்ன வயதில் அம்மா மென்று ஊட்டியதால்தான் இப்படி ஆனது என்று அவர் மேல் பழி போடாதீர்கள், விடியற்காலையில் மரம் வெட்டப் போன ஒரு தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய முறை அது. பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள், கணவரின் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. இன்னும் புகையிலையோடு வெற்றிலை பாக்குப் போடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குகூட வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004லேயே வகைப்படுத்திவிட்டது, தோட்டத்து மக்களிடம் இந்தப் புற்றுநோய் அதிகம் என்பதால்தான் அரசாங்கப் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து பரிசோதனை செய்கின்றன. உங்களுக்கு முன்பதிவு கிடைக்கும் நாளிலேயே அவரையும் அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் ஒருநாள் காலை, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் முன்புபோல் அகலமாகத் திறக்கவில்லை என்றால், முன்பதிவுக்குக் காத்திருக்காதீர்கள். மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போய் இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படித்தான். ஈறு வீக்கம் கன்னம்வரை பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.